ஃப்ரீபிஎஸ்டியில் உட்கார்ந்து கீபேட் போனுக்கு ஜாவா எழுதியது: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2009-இல் நடந்த விஷயம். வீடு வீடாகப் போய் மீட்டர் அளவு குறித்து வருபவர்களுக்காக ஒரு சின்ன செயலி இருந்தது. கீபேட் போனில் ஓடும். எண்ணை அடித்துச் சேமித்து வைத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கிற இடத்தில் சர்வருக்கு அனுப்பிவிட வேண்டும், மொத்த வேலையும் அவ்வளவுதான். சின்னக் கருவிகளுக்கான ஜாவாவான ஜே2எம்இ-யில் எழுதியது: அடிப்படை வகுப்புகளுக்கு சிஎல்டிசி 1.1, திரை, நிறுவுதல் போன்றவற்றுக்கு எம்ஐடிபி 2.0 என்ற விதித்தொகுப்புகள். எழுதியவர் லினக்ஸ்காரர், வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர் விட்டுப்போனவை சோர்ஸ் கோடு, செயலியைக் கட்டும் கட்டளைகள் அடங்கிய ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், "டூல்கிட்டைப் போட்டுவிட்டு இதை ஓட்டினால் போதும்" என்ற ஒரு வரிக் குறிப்பு.

வேலையை எடுத்துக்கொண்ட நிரலாளரின் கணினியில் ஃப்ரீபிஎஸ்டி 7 (லினக்ஸுக்கு உறவு போன்ற, ஆனால் தனியான ஓர் இயங்குதளம்), 64 பிட். பல வருடப் பழக்கம், அதை மாற்றச் சொன்னால் மனிதர் முகம் மாறிவிடும். நான் போன்களை வைத்துக்கொண்டு சோதிக்கிறவன். இரண்டு நிறுவனங்களின் மூன்று மாடல்கள் என்னிடம் இருந்தன. செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை: இரண்டு புதிய திரைகள், ஒரே வரியில் பல அளவுகளை அடிக்கும் வசதி. இரண்டு வாரம் என்று கணக்குப் போட்டோம். கிட்டத்தட்ட ஆறு வாரம் ஆனது. அந்த நான்கு வாரம் எங்கே போனது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வாரம்: டூல்கிட்டின் பின்னால் ஓடியது

குறிப்பில் சொன்ன டூல்கிட், அதாவது போன் செயலிகளைக் கட்டவும் சோதிக்கவும் உதவும் சன் ஜாவா வயர்லெஸ் டூல்கிட் 2.5.2, விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும்தான் வந்தது. ஃப்ரீபிஎஸ்டியில் லினக்ஸ் பைனரிகளை (லினக்ஸுக்கெனக் கம்பைல் செய்த புரோகிராம்களை) ஓட்ட ஒரு வழி உண்டு. இயங்குதளத்தின் மையமான கெர்னலில் லினக்ஸ் மாட்யூலை ஏற்றி, லினக்ஸின் அடிப்படை லைப்ரரிகளைத் தனி டைரக்டரியில் போட்டுவிட்டால், லினக்ஸ் புரோகிராம் கேட்கும் சிஸ்டம் கால்களை (கெர்னலிடம் வைக்கும் கோரிக்கைகளை) ஃப்ரீபிஎஸ்டி கெர்னலே புரிந்துகொண்டு செய்து கொடுக்கும். அப்போது அது 32 பிட் பைனரிகளுக்கு மட்டுமே. டூல்கிட்டும் 32 பிட் என்பதால் அதில் பிரச்சினை வராது என்று நினைத்தோம்.

டூல்கிட்டில் இருக்கும் ப்ரீவெரிஃபை என்ற சின்ன பைனரியை ஓட்டியதுமே, எல்ஃப் பைனரி வகை 0, எனக்குத் தெரியாது என்று சொல்லி கெர்னல் கையை விரித்தது. பழைய லினக்ஸ் பைனரிகள் பலவற்றில் இது எந்த இயங்குதளத்துக்கானது என்ற முத்திரை ஹெட்டரில் இருக்காது. பிராண்டெல்ஃப் என்ற கட்டளையால் "இது லினக்ஸ்" என்று குத்திவிட்டதும் ஓடியது. இந்த வெற்றிதான் எங்களைக் கெடுத்தது என்று இன்று தோன்றுகிறது. ஒன்று ஓடிவிட்டதால் மற்றதும் ஓடிவிடும் என்று, கணினித் திரையில் போன் போல ஓடிக் காட்டும் எமுலேட்டரைப் பிடித்துக்கொண்டோம்.

எமுலேட்டருக்குத் தனியாக லினக்ஸ் ஜாவா வேண்டும், லினக்ஸ் எக்ஸ் லைப்ரரிகள் வேண்டும், லினக்ஸ் பாணி ப்ராக் ஃபைல்சிஸ்டத்தை மவுண்ட் செய்ய வேண்டும். ஒன்றைத் தீர்த்தால் அடுத்த லைப்ரரி இல்லை என்று வரும். நான்காம் நாள் விண்டோ வந்தது, போன் படம் தெரிந்தது, இரண்டு கீ அழுத்தியதும் உறைந்து நின்றது. எங்கள் அமைப்பில்தான் கோளாறு, சரியான லைப்ரரிகள் இருந்தால் ஓடியிருக்கலாம். ஆனால் எது சரி என்று தேடித் தேடி மேலும் நான்கு நாள் போனது. செயலியில் அதுவரை ஒரு வரிகூட மாறவில்லை.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

ஒரு கட்டத்தில் நிரலாளர் ஒரு தாளை எடுத்து, "சரி, இந்த டூல்கிட் நமக்கு உண்மையில் என்னதான் கொடுக்கிறது?" என்று எழுத ஆரம்பித்தார். மூன்றுதான் தேறியது. முதலாவது ஏபிஐ ஜார்கள் (ஜார் என்பது ஜாவா வகுப்புகளை ஒன்றாகக் கட்டிய ஃபைல்), அதாவது சிஎல்டிசி, எம்ஐடிபி வகுப்புகளின் வெற்றுக் கூடுகள். அவற்றைக் கம்பைலர் பார்த்தால் போதும், எந்த இயங்குதளத்திலும் அதே ஃபைல்தான். இரண்டாவது ப்ரீவெரிஃபை. மூன்றாவது எமுலேட்டர். இயங்குதளத்தோடு கட்டப்பட்டவை பின்னிரண்டும்தான். அவற்றிலும் போனுக்குப் போகிற ஜாருக்குக் கட்டாயம் தேவைப்படுவது ப்ரீவெரிஃபை மட்டுமே.

ப்ரீவெரிஃபை ஏன் தேவை என்று தெரிந்தால்தான் அடுத்த முடிவு புரியும். சாதாரண ஜாவா, ஒரு கிளாஸை, அதாவது வகுப்பை, ஏற்றும்போது அதன் பைட்கோடு (கம்பைலர் எழுதிய கட்டளைகள்) ஒழுங்காக இருக்கிறதா என்று தானே அலசிப் பார்க்கும். சிஎல்டிசி 1.1 கேட்கும் குறைந்தபட்ச மெமரியே 192 கிலோபைட்தான். அவ்வளவு சின்ன இடத்தில் அந்த அலசல் கட்டுப்படியாகாது. அதனால் பாதி வேலையை டெஸ்க்டாப்பிலேயே முடித்து, ஸ்டாக்மேப் என்ற குறிப்பாக கிளாஸ் ஃபைலுக்குள் எழுதி அனுப்புகிறார்கள், போன் அதைச் சரிபார்த்துக்கொண்டு ஓட்டுகிறது. ஆக, ப்ரீவெரிஃபை என்பது கிளாஸ் ஃபைலைப் படித்து இன்னொரு கிளாஸ் ஃபைலை எழுதும் வேலை, அவ்வளவே. அதை ஜாவாவிலேயே எழுதலாம், யாரோ எழுதியும் இருந்தார்கள். ஜார்களைச் சுருக்கும் ப்ரோகார்ட் என்ற கருவியில் மைக்ரோஎடிஷன் என்ற ஒரு ஆப்ஷனைக் கொடுத்தால் அது இதே ஸ்டாக்மேப்பை எழுதிவிடும்.

என் யோசனை வேறாக இருந்தது. மெய்நிகர் கணினி ஒன்றில் லினக்ஸைப் போட்டுவிட்டு பழைய ஸ்கிரிப்டை அப்படியே ஓட்டிவிடலாம் என்றேன். நிரலாளருக்கு அதில் விருப்பமில்லை. கணினியில் 1 ஜிபி மெமரிதான், அதோடு நாளைக்கு இதை எடுக்கப் போகிறவரும் ஒரு லினக்ஸைச் சுமந்துகொண்டுதான் வர வேண்டுமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அந்த வேலையை மட்டும் பார்த்தால் என் வழி சீக்கிரம் முடிந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் செய்கிறவர் அவர், அதனால் அவர் வழிக்கே போனோம்: ப்ரீவெரிஃபைக்கு ப்ரோகார்ட், திரை பார்க்க மைக்ரோஎமுலேட்டர். இரண்டுமே முழுக்க ஜாவாவில் எழுதியவை, ஜாவா ஓடும் எந்தக் கணினியிலும் ஓடும். ஏபிஐ ஜார்களை வேறொரு கணினியில் போட்டிருந்த டூல்கிட்டிலிருந்து பிரதி எடுத்துக்கொண்டோம்.

இரண்டாம், மூன்றாம் வாரம்: போன் ஏற்க மறுத்தது

ஜார் தயாரானது. செயலியைப் பற்றிய விவரங்களைப் போனுக்குச் சொல்லும் ஜாட் ஃபைலையும் ஜாரையும் ஒரு சின்ன வெப் சர்வரில் வைத்து போனில் திறந்தேன். ஜாட் ஃபைலின் எழுத்துகள் அப்படியே பக்கம் போலத் திரையில் வந்தன. சர்வரில் ஜாட் ஃபைலுக்கான மைம் டைப் (இது எந்த வகை ஃபைல் என்ற குறிப்பு) போடவில்லை. போட்டதும் போன் நிறுவ முயன்று, "தவறான செயலி" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றது.

இங்கேதான் எங்களுக்கு ஒரு நல்ல கருவி கிடைத்தது. எம்ஐடிபி 2.0-இல் ஜாட் ஃபைலுக்குள் மிட்லெட்-இன்ஸ்டால்-நோட்டிஃபை என்று ஒரு முகவரி கொடுக்கலாம். நிறுவியது என்ன ஆனது என்று போன் அந்த முகவரிக்கு ஒரு எண் குறியீட்டை அனுப்பும். 900 என்றால் வெற்றி, 901 இடம் போதவில்லை, 904 ஜார் அளவு பொருந்தவில்லை, 906 ஜாட் ஃபைலே தவறு, 907 ஜார் தவறு. போன் திரை எல்லாவற்றுக்கும் ஒரே வாக்கியத்தைக் காட்டினாலும், சர்வர் லாகில் உண்மை வந்து விழும். ஸ்பெசிஃபிகேஷனை யாரும் இவ்வளவு தூரம் படிப்பதில்லை, நாங்களும் வேறு வழியில்லாமல்தான் படித்தோம்.

லாகில் வந்தது 906. ஜாட் ஃபைலைத் திறந்து பார்த்தால் மிட்லெட்-ஜார்-சைஸ் என்ற வரியில் எண்ணே இல்லை. பழைய ஸ்கிரிப்ட் ஜாரின் அளவை எடுக்க ஸ்டாட் கட்டளையை மைனஸ் சி ஆப்ஷனோடு கூப்பிட்டிருந்தது. அது லினக்ஸில் வரும் க்னூ ஸ்டாட்டின் ஆப்ஷன். ஃப்ரீபிஎஸ்டியின் ஸ்டாட்டுக்கு மைனஸ் எஃப்தான் தெரியும், மைனஸ் சி என்றால் பிழை சொல்லிவிட்டு நின்றுவிடும். ஆனால் பிழை வந்தால் நிறுத்து என்று ஸ்கிரிப்டில் யாரும் எழுதவில்லை, அதனால் அது வெற்று எண்ணோடு ஜாட் ஃபைலை எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது. பிழைச் செய்தி திரையில் வந்திருக்கிறது, ப்ரோகார்டின் நீண்ட வெளியீட்டுக்கு நடுவில் யார் கண்ணிலும் படவில்லை.

அதைச் சரிசெய்ததும் 904. இது முழுக்க எங்கள் தவறு. ப்ரோகார்ட் படியை ஸ்கிரிப்டின் கடைசியில் ஒட்டியிருந்தோம், அளவை எடுக்கும் வரி அதற்கு முன்னால் இருந்தது. ப்ரோகார்ட் ஜாரைச் சுருக்கிவிடுகிறது, ஜாட் ஃபைலில் சுருங்காத அளவு நிற்கிறது. ஒரு பைட் வித்தியாசம் இருந்தாலும் போன் ஏற்காது.

அதன்பின் ஒரு போன் 907 சொன்னது, மற்ற இரண்டும் நிறுவிக்கொண்டு திறந்தவுடன் மூடிக்கொண்டன. ஜாவா 6 கம்பைலர், நாம் எதுவும் சொல்லாவிட்டால், பதிப்பு எண் 50 கொண்ட கிளாஸ் ஃபைல்களை எழுதும். அந்தப் போன்களுக்கு அது புரியவில்லை. சோர்ஸ் 1.3, டார்கெட் 1.3 என்று கொடுத்ததும் பதிப்பு எண் 47 ஆனது, மூன்று போனிலும் செயலி திறந்தது. டார்கெட்டைக் குறைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. 1.5-உம் அதற்கு மேலும் கொடுத்தால், இரண்டு சரங்களைப் பிளஸ் குறியால் சேர்க்கும் இடத்திலெல்லாம் கம்பைலர் ஸ்ட்ரிங்பில்டரைச் சத்தமில்லாமல் நுழைத்துவிடும். சிஎல்டிசி-யில் அந்த வகுப்பே கிடையாது, ஸ்ட்ரிங்பஃபர்தான்.

நான்காம் வாரம்: எமுலேட்டரில் ஓடியது, போனில் செத்தது

இதுதான் இந்த நிகழ்வின் மையம்.

புதிய திரைகள் முடிந்தன. ஒரே வரியில் காற்புள்ளி போட்டுப் பல அளவுகளை அடிக்கும் வசதி மைக்ரோஎமுலேட்டரில் அருமையாக ஓடியது. நிரலாளர் மூன்று நாள் வேலையை ஒன்றாகச் சேர்த்து அனுப்பினார். போனில் அந்தத் திரைக்குப் போய் சேமி என்று அழுத்தினால் செயலி அப்படியே மறைந்துவிட்டது. செய்தி எதுவும் இல்லை. மூன்று போனிலும் இதே கதை.

முக்கியமான இடங்களில் எல்லாம் த்ரோயபிளைப் (ஜாவாவின் எல்லாப் பிழைகளுக்கும் மேல் வகுப்பு) பிடித்து, ஒரு அலர்ட்டில் காட்டச் சொன்னோம். இரண்டு போனில் அப்போதும் ஒன்றும் வரவில்லை. மூன்றாவதில் வெறுமனே எரர் என்று மட்டும் வந்தது. பின்னால்தான் புரிந்தது: சிஎல்டிசி 1.1-இல் எரர் வகுப்புகள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். இல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டி வந்தால், போனின் ஜாவா மெஷின் தானே நின்றுவிடலாம், அல்லது இருப்பதிலேயே நெருங்கிய மேல் வகுப்பை வீசலாம். இரண்டுமே விதிப்படி சரி. நாங்கள் பார்த்ததும் இரண்டும்தான்.

ஒவ்வொரு வரிக்குப் பிறகும் ஒரு எண்ணைத் திரையில் எழுதச் சொல்லிக் கண்டுபிடித்தோம். காற்புள்ளியில் பிரிப்பதற்கு ஸ்ட்ரிங்கின் ஸ்ப்ளிட் முறையைக் கூப்பிட்டிருந்தார். டெஸ்க்டாப் ஜாவாவில் 1.4 முதல் இருக்கிறது. சிஎல்டிசி ஸ்ட்ரிங்கில் கிடையாது.

அப்படியென்றால் கம்பைலர் ஏன் விட்டது? ஏபிஐ ஜார்களை அவர் கிளாஸ்பாத்தில் (கம்பைலர் வகுப்புகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) கொடுத்திருந்தார். கிளாஸ்பாத்தில் என்ன வைத்தாலும் ஜாவா.லாங் வகுப்புகளைக் கம்பைலர் முதலில் தன்னுடைய சொந்த பிளாட்ஃபார்ம் லைப்ரரியிலிருந்துதான் எடுக்கும். எம்ஐடிபி திரை வகுப்புகள் அங்கே இல்லாததால் அவை மட்டும் நம் ஜாரிலிருந்து வந்தன. ஸ்ட்ரிங் மட்டும் டெஸ்க்டாப் ஸ்ட்ரிங்காகவே இருந்தது. பூட்கிளாஸ்பாத் என்ற ஆப்ஷனில் கொடுத்திருந்தால்தான் பிளாட்ஃபார்மே மாற்றப்பட்டிருக்கும். பழைய ஸ்கிரிப்டில் அது சரியாகவே இருந்தது! டூல்கிட் பாதைகளை வெட்டி எறிந்தபோது அந்த வரியும் சேர்ந்து போய்விட்டது.

எமுலேட்டர் ஏன் விட்டது என்பதற்கும் காரணம் அதேதான். மைக்ரோஎமுலேட்டர் டெஸ்க்டாப் ஜாவாவின் மேல் உட்கார்ந்து எம்ஐடிபி-யைக் கொடுக்கிறது, அடியில் இருக்கும் ஸ்ட்ரிங் டெஸ்க்டாப்புடையது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அதனிடம் இல்லாத வேலையை நாங்கள் எதிர்பார்த்தோம்.

பூட்கிளாஸ்பாத்துக்கு மாற்றிக் கம்பைல் செய்ததும் ஸ்ப்ளிட்டோடு சேர்த்து இன்னும் இரண்டு இடங்கள் பிழையாக வந்தன, அவை போனில் நாங்கள் இன்னும் தொடாத திரைகளில் இருந்தன. அரை மணி நேரத்தில் கையால் ஒரு பிரிப்பானை எழுதிக்கொண்டார்.

ஐந்தாம் வாரம்: அனுமதி கேட்கும் பெட்டி

அனுப்பு என்று அழுத்தியதும் இரண்டு போன்கள் உறைந்தன. டிஜிட்டல் கையொப்பமிடாத மிட்லெட் (எம்ஐடிபி செயலி) இணையத்தைத் தொட்டால், "அனுமதிக்கவா?" என்று போன் கேட்க வேண்டும் என்பது எம்ஐடிபி 2.0-இன் பாதுகாப்பு ஏற்பாடு. பொத்தான் அழுத்தியதைக் கையாளும் அதே த்ரெட்டில் (நிரலுக்குள் தனியாக ஓடும் வேலை வரிசை) இணைப்பைத் திறந்திருந்தோம். பெட்டியைக் காட்ட வேண்டிய த்ரெட் இணைப்புக்காகக் காத்திருக்கிறது, இணைப்போ பெட்டிக்கான பதிலுக்குக் காத்திருக்கிறது. மைக்ரோஎமுலேட்டரில் அந்தப் பெட்டியே எங்களுக்கு வராததால் இது தெரியவே இல்லை. இணைப்பைத் தனி த்ரெட்டுக்கு மாற்றியதும் தீர்ந்தது.

இதற்குள் வேலை செய்யும் முறையை மாற்றியிருந்தோம். மைக்ரோஎமுலேட்டர் திரை அமைப்பு பார்க்க மட்டும், ஓடுகிறதா என்ற கேள்விக்குப் போன் மட்டும்தான் பதில், அதுவும் தினமும் மாலையில். மூன்று நாள் சேர்த்து அனுப்புவது நின்றது. முந்தைய தவறுக்கு ஒரு பிற்பகல் போயிருந்தது என்றால், இந்த உறைவைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, ஏனென்றால் அன்று மாறியதே நாற்பது வரிதான்.

விளைவு

ஆறாம் வாரம் செயலி களத்துக்குப் போனது. இணைப்பு அறுந்தால் அளவுகள் இரண்டு முறை பதிவாகிற ஒரு பிழை பின்னால் வந்தது, அது சர்வர் பக்கத்து விஷயம், இங்கே தேவையில்லை.

சில மாதம் கழித்து இன்னொருவர் மேக் கணினியோடு சேர்ந்தார். அந்த டூல்கிட்டுக்கு மேக் பதிப்பும் கிடையாது. எங்கள் ஸ்கிரிப்டை எடுத்து அன்றைக்கே ஜார் கட்டிவிட்டார், மேக்கின் ஸ்டாட்டும் பிஎஸ்டி வகை என்பதால் அந்த வரிகூட மாறவில்லை. நிரலாளர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரமே ஒரு லினக்ஸ் கணினியில் அதே ஸ்கிரிப்ட், இம்முறை மைனஸ் எஃப் காரணமாக, விழுந்தது.

இப்போது செய்தால்

எமுலேட்டரை முதல் நாளே விட்டிருப்போம். டூல்கிட் என்ன கொடுக்கிறது என்ற அந்தத் தாளை எட்டு நாள் கழித்து எழுதியதற்குப் பதில் முதல் மணி நேரத்தில் எழுதியிருக்க வேண்டும். இன்ஸ்டால்-நோட்டிஃபை முகவரியை ஆரம்பத்திலிருந்தே ஜாட் ஃபைலில் வைத்திருப்போம். பழைய ஸ்கிரிப்டில் ஒரு வரியை வெட்டும் முன் அது அங்கே ஏன் இருக்கிறது என்று எழுதியவரிடமே கேட்டிருக்கலாம், அவர் போன் எண் எங்களிடம் இருந்தது, யாருக்கும் தோன்றவில்லை.

இன்றைக்கும் யாராவது பழைய மிட்லெட்டை உயிரோடு வைத்திருந்தால் ஒரு விஷயம்: ஜாவா 9 வந்தபோது கம்பைலர் 1.5-உம் அதற்குக் கீழான டார்கெட்களையும் ஏற்பதை நிறுத்திவிட்டது. 1.3 வேண்டுமென்றால் ஜாவா 8-ஐத்தான் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும், அதுவும் எச்சரிக்கை சொல்லிக்கொண்டேதான் செய்யும்.

ஸ்டாட் வரியைக் கடைசியில் இப்படி முடித்தோம். அதைத் தூக்கிவிட்டு, மூன்று இயங்குதளத்திலும் ஒரே மாதிரி இருக்கும், பைட்களை எண்ணும் டபிள்யூசி மைனஸ் சி-யைப் போட்டோம். பிஎஸ்டி வகையில் அது எண்ணுக்கு முன்னால் சில வெற்றிடங்களைச் சேர்த்துத் தரும், அவற்றை டிஆர் என்ற கட்டளை கொண்டு நீக்கினோம். ஸ்கிரிப்டின் முதல் வரியில், பிழை வந்தால் அங்கேயே நில் என்று ஒரு செட் மைனஸ் இ.